அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை?

அன்புள்ள அக்கா,

என் கற்பித்தல் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மூன்று கட்டங்கள் உண்டு. வழிகாட்டி ஆசிரியருக்கு ஒன்று, தலைமை ஆசிரியருக்கு ஒன்று, எங்கள் கல்லூரிப் பேராசிரியருக்கு ஒன்று. மூன்றும் நிரம்பி, முத்திரையும் விழுந்து நோட்டு கைக்கு வந்த அன்று சாயங்காலம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் நீங்கள்தான் இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பெயரை எழுத அதில் இடமே இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்களைப் போல வாரத்தில் இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூடம், மற்ற நாட்களில் வேறு பள்ளிக்கூடங்கள், நடுவில் நடக்க முடியாத பிள்ளைகளின் வீடுகள் என்று ஸ்கூட்டியில் சுற்றுகிற சிறப்பாசிரியர்கள் நிறையப் பேர். அவர்களைக் கடைசி பெஞ்சில் பார்த்துவிட்டு, யாரென்று கேட்காமலே பயிற்சியை முடித்துப் போகிற என்னைப் போன்ற பி.எட். மாணவர்களும் நிறையப் பேர். நாலு பேர் கண்ணில் படட்டும் என்றே திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதல் வாரம் நானும் உங்களை யாரென்று கேட்கவில்லை. 6-ஆம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். யாரோ பிள்ளையின் அம்மா என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. அன்றைக்கு நான் முழுக்கள் பாடத்தைத் தொடங்கினேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு சார்ட் வரைந்திருந்தேன். நடுவில் கடல்மட்டம், மேலே பறவை, கீழே மீன். மேலே போகப் போக மிகை முழுக்கள், கீழே போகப் போக குறை முழுக்கள். மூன்று நிறத்தில் எழுத்து. பாடத்திட்ட நோட்டில் சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கான ஏற்பாடு என்ற தலைப்புக்கு எதிரே, "முதல் பெஞ்சில் அமர்த்தப்படுவார்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

அப்படியே ஒரு பெண்ணை அமர்த்தவும் செய்தேன். அந்தப் பெண்ணுக்குக் குறைபார்வை. புத்தகத்தை மூக்கு படும் தூரத்தில் வைத்துக்கொண்டால் பெரிய எழுத்தைப் படிப்பாள். சன்னல் வெளிச்சம் பட்டுக் கரும்பலகை பளபளத்தால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. நான் பாடம் நடத்திய நாற்பது நிமிடமும் அவள் சத்தம் போடாமல், தலையைக் குனிந்து, நகத்தால் பெஞ்ச் மரத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன். நல்ல பிள்ளை, தொந்தரவு செய்யாமல் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"சார்ட்டு நல்லா இருக்குது கண்ணு. இந்தப் பாடத்துல அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை?"

"முதல் பெஞ்ச்ல உட்கார வச்சிருக்கேன் மிஸ்."

"அது இடம். நான் வேலையக் கேட்டேன்."

எனக்குப் பதில் வரவில்லை. நீங்களும் பதிலுக்காக நிற்கவில்லை. "மிஸ்ஸெல்லாம் வேண்டாம், அக்கான்னே கூப்பிடு. வியாழக்கிழம வருவேன், யோசிச்சு வை" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

அந்த ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் விளையாடும்போது, ரொம்பச் சின்னப் பிள்ளையோ ஓட முடியாத பிள்ளையோ வந்து நின்றால், "நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையும் ஓடும், தொடும், கத்தும். ஆனால் அது அவுட் ஆனாலும் கணக்கில்லை, தொட்டாலும் கணக்கில்லை. ஆட்டத்துக்குள் இருக்கும், ஆட்டத்தில் இருக்காது. எத்தனை ஆயிரம் தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருப்போம். அதற்குள் ஒரு கால் ஊனமான பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று அந்த ராத்திரிதான் எனக்கு உறைத்தது. முதல் பெஞ்சில் நான் உட்கார வைத்திருந்தது ஒரு ஒப்புக்குச் சப்பாணியைத்தான் அக்கா. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரும் 21 வகைக் குறைபாடுகளையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். என் வகுப்பிலிருந்த ஒரு பிள்ளைக்கு நாற்பது நிமிடத்தில் செய்ய ஒரு வேலை வைக்கவில்லை.

வியாழக்கிழமைக்குள் நான் கண்டுபிடித்தது கயிறு. எங்கள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். டிராக் பேன்டில் கோக்கிற நாடாவின் வேஸ்ட் கட்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னேன். கூடவே உதிரிப் பட்டன்கள். அம்மாவே பூக்காரி அளக்கிற மாதிரி கையை நீட்டி நீட்டி 22 முழம் அளந்து கொடுத்தார். நடுவில் கோட்டுப் பட்டன் ஒன்று, அது பூஜ்யம். அந்தப் பக்கம் பத்துப் பட்டன், இந்தப் பக்கம் பத்துப் பட்டன். பள்ளிக்கூட வராந்தாவில் தூணுக்குத் தூண் இடுப்பு உயரத்தில் கட்டினால், கையால் தடவிக்கொண்டே நடக்கிற எண்கோடு.

நீங்கள் அதை வாங்கி ஒரு தடவை தடவிப் பார்த்தீர்கள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவகிட்டயே குடு. அவதான சொல்லோணும்" என்றீர்கள்.

அவள் இரண்டு எட்டு நடந்தாள், நின்றாள். "மிஸ், நடுவுல வந்து புடிச்சா எந்தப் பக்கம் நிக்கறேன்னு எப்படித் தெரியும்? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பட்டன்தான இருக்குது?" கண்ணால் பார்க்கிறவளுக்கு மைனஸ் குறி தெரியும். அதனால் எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. குறைப் பக்கத்துப் பட்டன்களைப் பிரித்துவிட்டு, அதே இடங்களில் முடிச்சு போட்டேன். பட்டன் என்றால் மிகை, முடிச்சு என்றால் குறை.

மறுநாள் மறுபடியும் நடந்தாள். பட்டன் பக்கம் போனாள், திரும்பினாள், பூஜ்யத்தைத் தாண்டி முடிச்சுப் பக்கம் வந்தாள். அங்கே மூன்று முடிச்சு தாண்டியதும் முகம் சுருங்கியது. "இந்தப் பக்கம் நெருக்கமா இருக்குது மிஸ். ஒரு எட்டு முழுசா வைக்கறதுக்குள்ள அடுத்த முடிச்சு வந்துருது."

நான் அளந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. தைத்த பட்டன் நாடாவைத் தின்னாது. முடிச்சு தின்னும். ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நாடாவை இழுத்துக்கொண்டதில், குறைப் பக்கத்து இடைவெளியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது. எண்கோட்டின் உயிரே சம இடைவெளிதான். அதை நான் ஒரு வாக்கியமாக எழுதிப் போடத்தான் வைத்திருந்தேன். அவள் நடந்து கண்டுபிடித்து, ஆசிரியரின் தவறையும் திருத்திக் கொடுத்தாள். அவிழ்த்து, ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கிய பிறகு அளந்து, இருவருமாகத் திரும்பக் கட்டினோம். நீங்கள் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இப்பத்தான் அவளுக்கு வேலை வந்துச்சு" என்று சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

இதையெல்லாம் எழுதும்போது கல்லூரியில் படித்தவை ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. கற்றல் கோட்பாடுகள் என்றால் எங்களுக்குப் பத்து மதிப்பெண் கேள்வி. பாவ்லவின் நாய், ஸ்கின்னரின் எலி, பியாஜேயின் நான்கு பருவங்கள், வைகோட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம், புரூனரின் மூன்று நிலைகள். பெயர், ஆண்டு, வரையறை, கல்வியில் இதன் பயன்கள், முடிந்தது. பியாஜேயும் வைகோட்ஸ்கியும் பிறந்தது ஒரே ஆண்டு, 1896. பியாஜே 1980 வரை வாழ்ந்தார். வைகோட்ஸ்கி காசநோயில் 1934-இல், 37 வயதிலேயே போய்விட்டார். அவருக்கு எங்கள் கையேட்டில் ஒன்றரைப் பக்கம்தான். பார்வையில்லாத, காது கேளாத, மெதுவாகக் கற்கிற பிள்ளைகளோடு அவர் பல ஆண்டுகள் வேலை செய்தார் என்ற செய்தி அந்த ஒன்றரைப் பக்கத்தில் இல்லை. உங்கள் கேள்விக்குப் பிறகு நானாகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. கண் தெரியாதது பிள்ளையைப் பின்னுக்கு இழுப்பதைவிட, அதனால் மற்றவர்களோடு சேர்ந்து செய்கிற காரியங்களிலிருந்து பிள்ளை அறுபட்டுப் போவதுதான் அதிகம் இழுக்கிறது என்பது அவர் வாதம். பெஞ்ச் மரத்தில் நகத்தால் கோடு இழுத்தவளை நினைத்துக்கொண்டே அதைப் படித்தேன்.

புரூனரும் அப்படித்தான். செயல் நிலை, உருவ நிலை, குறியீட்டு நிலை என்று ஒப்பித்ததோடு சரி. அவர் கண்புரையோடு பிறந்தவர், இரண்டு வயதில் அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் அவருக்குப் பார்வை வந்தது என்று பின்னால் தெரிந்தபோது, அதை அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். "அப்புறம் அவரு என்ன ஆனாரு?" என்று கேட்டாள். பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து நூறு வயது வரைக்கும் இருந்தார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நூறு மைனஸ் ரெண்டு, தொண்ணூத்தெட்டு வருசம் பார்த்திருக்காரு" என்றாள்.

கயிறு வகுப்புக்குப் போன நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். மொத்த வகுப்பையும் வராந்தாவில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு எண் கொடுத்தோம். காதுக்குக் கருவி போட்ட பையன் மைனஸ் இரண்டில் நின்றான். அவள் மைனஸ் ஐந்தில். "இவங்க ரெண்டு பேர்ல யாரு பெரிய எண்?" என்று கேட்டேன். "அவதான்!" என்று வராந்தாவே அதிர்ந்தது. ஐந்து இரண்டைவிடப் பெரியது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்துவந்த பிள்ளைகள். வேறெப்படிச் சொல்வார்கள்?

என் வாயில் சரியான விடை வந்து நின்றது. உங்களைப் பார்த்தேன். நீங்கள் மூன்று விரலைக் காட்டினீர்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். "கேள்வியக் கேட்டுப்போட்டு நீயே பதில் சொல்லிர்ற கண்ணு. மூச்சு விடு. மனசுக்குள்ள மூணு எண்ணு." 1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிந்து கேட்டதைப் பற்றிப் படித்திருந்தேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்களாம். மூன்று விநாடி காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். படித்தபோது சின்ன விஷயமாகத் தோன்றியது. வகுப்பில் நின்று பார்த்தால் மூன்று விநாடி எவ்வளவு நீளம்! கை பரபரக்கிறது, நமக்கே பாடம் தெரியவில்லையோ என்று பிள்ளைகள் நினைப்பார்களோ என்று பயம் வருகிறது. ஆனால் காது மெதுவாக வேலை செய்கிற பையனுக்கும், தமிழைத் தன் மொழிக்குள் மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய, எங்கள் வகுப்பிலிருந்த பீகார்ப் பையனுக்கும் அந்த மூன்று விநாடிதான் வகுப்புக்குள் நுழைகிற வாசல்.

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு, பக்கத்தில் நிற்பவரோடு பேசிப் பாருங்கள் என்றேன். சலசலவென்று பேச்சு. மளிகைக்கடைக்காரர் மகன்தான் முதலில் சொன்னான். "மிஸ், அஞ்சு ரூவா கடன் வச்சவன் பெரிய ஆளா, ரெண்டு ரூவா கடன் வச்சவன் பெரிய ஆளா?" பாதிப் பேர் அவன் பக்கம் சாய்ந்தார்கள். மீதிப் பேர் கடன் பெரியதுதானே என்று சண்டை போட்டார்கள். அப்போது மைனஸ் ஐந்திலிருந்து அவள் பேசினாள்.

"பட்டன் பக்கம் போகப் போகக் கூடுது, ஒத்துக்கறீங்களா? அப்ப முடிச்சுல இருந்து பட்டனப் பார்த்து நடந்தாலும் கூடத்தான வேணும்? நான் பூஜ்யத்துக்குப் போகோணும்னா இவனத் தாண்டித்தான் போகோணும். அப்ப இவன்தான் பெரியவன்."

கயிற்றைப் பிடித்தபடியே நடந்து காட்டினாள். அவனைத் தொட்டாள், தாண்டினாள், பூஜ்யத்தில் போய் நின்றாள். வராந்தாவில் சத்தமே இல்லை. அப்புறம் கடன் கட்சிக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்து நடந்து பார்க்க வந்தார்கள்.

பழைய அறிவுக்குள் புதியதை அடைக்கப் பார்ப்பது, அடைபடாதபோது பழைய அறிவையே விரித்துக் கட்டுவது. தன்வயப்படுத்துதல், தகவமைத்தல் என்று பியாஜே பெயரால் நான் மனப்பாடம் செய்தது அன்றைக்கு என் கண்ணெதிரே நடந்தது. ஒருத்தி தன் கூட்டாளிகளின் கையைப் பிடித்து அடுத்த படிக்கு ஏற்றியதும் அன்றைக்குத்தான் நடந்தது. இருபது ஜோடிக் கண் பார்க்காததை அவள் கை பார்த்தது. சார்ட் மாட்டிய நாளில் அவளுக்காக என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கயிறு கட்டிய நாளில் அவளால் வகுப்புக்கே பாடம் நடந்தது.

இதைத்தான் நீங்கள் வேறொரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்துச் சாய்தளத்தைக் காட்டிச் சொன்னீர்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளைக்காகக் கட்டியது. ஆனால் அதில் தினமும் ஏறி இறங்குவது சத்துணவுக்கூடத்து அக்காவின் அரிசி மூட்டை, முட்டி வலிக்கிற தாத்தாக்கள், சைக்கிள் தள்ளுகிற பெரிய வகுப்புப் பிள்ளைகள். "மொதல்லயே கட்டியிருந்தா செலவும் கம்மி, பார்க்கவும் நல்லா இருந்திருக்கும்" என்றீர்கள். ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் பெயர் எங்கள் பாடத்தில் வருகிறது. சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். எல்லோருக்கும் பொருந்தும்படி முதலிலேயே வடிவமைப்பது என்ற எண்ணத்தைக் கட்டடத்தில் ஊன்றினார். அதைப் பாடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்தார்கள். படித்தபோது எனக்கு இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பிடிபடவில்லை. பாடம் எழுதி முடித்துவிட்டுக் கடைசி வரியில் "முதல் பெஞ்சில் அமர்த்தப்படுவார்" என்று எழுதுவது, கட்டி முடித்த வீட்டுக்குப் பலகை சாய்ப்பது போலத்தான். இப்போது என் பாடத்திட்டத்தின் முதல் வரியே, யாருக்கு இது எட்டாமல் போகும் என்பதுதான்.

ஆனால் எல்லோருக்கும் பொருந்துவது சொல்வதுபோல் சுலபமில்லை என்பதையும் நீங்களே காட்டினீர்கள். பலகையில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுது, அவளுக்குக் கேட்க வேண்டும் என்றீர்கள். அப்படியே செய்தேன். இரண்டு நாள் கழித்துக் காது கேளாத பையனின் நோட்டைக் காட்டினீர்கள். பாதி வெறுமையாக இருந்தது. அவன் என் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறான். நான் பலகையைப் பார்த்துப் பேசினால் அவனுக்கு என் முதுகுதான் தெரியும். ஒருத்திக்கு வேண்டியது இன்னொருத்தனுக்கு இடைஞ்சல். என்ன செய்வது என்று நான் விழித்தபோது நீங்கள் பீகார்ப் பையனைக் காட்டினீர்கள். தமிழ் இன்னும் திக்கித் திக்கித்தான் வரும், ஆனால் எண்களை அச்சடித்தது போல எழுதுவான். அன்றிலிருந்து பலகையில் எழுதுவது அவன் வேலை. நான் பிள்ளைகளைப் பார்த்து நின்று சொல்வேன், அவன் எழுதுவான். அவளுக்குக் காதில் விழுந்தது, காது கேளாதவனுக்கு முகம் தெரிந்தது, எழுதியவன் ஒரே மாதத்தில் "கழித்தல்", "கூட்டல்", "அதைவிடப் பெரியது" எல்லாம் எங்களோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தான். எந்தக் கல்விக் கோட்பாட்டு நூலிலும் இந்த ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. மூன்று பிள்ளைகளையும் பெயர் சொல்லித் தெரிந்த ஒருவருக்குத்தான் இது தோன்றும்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு வருவதற்கு முன் நான் எழுதிக் கொடுத்த ஒப்படைவில் பிள்ளைகளைக் காட்சி வழி கற்பவர், செவி வழி கற்பவர், செயல் வழி கற்பவர் என்று மூன்றாகப் பிரித்திருந்தேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. உங்களிடம் பெருமையாகக் காட்டினேன். "அப்ப அவ செவி வழியா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். "அவளுக்கு ஆசையே படம் பார்க்கறதுதான் கண்ணு. லென்ஸ வச்சுக்கிட்டு காமிக்ஸ் படிப்பா, தெரியுமா?" என்றீர்கள். பிறகு அவளிடம் கேட்டேன். உண்மைதான். பையில் இரண்டு காமிக்ஸ் புத்தகமும் நீங்கள் வாங்கித் தந்த உருப்பெருக்கியும் இருந்தன. பிள்ளைகளை இப்படி வகை பிரித்து, வகைக்கு ஏற்றபடி கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று 2008-லேயே உளவியல் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் இன்னும் அதைத் தேர்வில் எழுதிக்கொண்டிருக்கிறோம். வகையின் பெயர் கிடைத்ததும் பிள்ளையைப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

எங்கள் அப்பா கொத்தனார். சாரக்கட்டு என்ற சொல் பாடத்தில் வந்த அன்று வீட்டில் போய்ச் சொன்னேன். 1976-இல் புரூனரும் அவரோடு இரண்டு பேரும், மரக்கட்டைகளை அடுக்கப் பழகும் மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர் எப்படி உதவுகிறார் என்று கவனித்து, அந்த உதவிக்குக் கட்டடச் சாரத்தின் பெயரை வைத்தார்கள் என்றேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "சாரம் செவுத்தத் தாங்கறதில்ல சாமி. நிக்கற ஆளத் தாங்குது" என்றார். அவர் பூச்சு வேலை முடித்து இறங்கும்போது, சாரக் குச்சி செருகிய ஓட்டைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே இறங்குவார். எங்கே சாரம் இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

நீங்கள் கயிற்றை எடுத்ததும் அப்படித்தான். இரண்டாம் வாரம், "இன்னொரு நாடா கட்டு. பூஜ்யம், அஞ்சு, பத்து மட்டும் போதும்" என்றீர்கள். நடுவிலிருக்கும் எண்களை அவள் மனதுக்குள் எண்ணி நின்றாள். மூன்றாம் வாரம் கயிறே இல்லை. பட்டை ஸ்கெட்ச் பேனாவால் தன் நோட்டில் தானே எண்கோடு போட்டாள். நான்காம் வாரம் நோட்டில் கோடும் இல்லை, வெறும் கணக்கு. ஆனால் மைனஸ் மூன்றோடு ஏழைக் கூட்டச் சொன்னபோது அவள் வலது கை பெஞ்சின் ஓரத்தில் லேசாக நகர்ந்ததைப் பார்த்தேன். கயிறு உள்ளே போய்விட்டது. நானாக இருந்தால் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்திருப்பேன். முதல் நாளே கயிற்றைப் பிடுங்கியிருப்பேன், அல்லது பாவம் என்று வருடம் முழுக்கக் கட்டிவைத்திருப்பேன்.

எல்லாம் நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நாள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அந்தப் பையன். அறிவுசார் குறைபாடு உள்ளவன். அவனுக்கு முழுக்கள் வரவில்லை. கயிற்றில் அவனைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன், நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே நின்றான். எனக்கு உறுத்தியது. இவனையும் ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிட்டேனா என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் உடனே பதில் சொல்லவில்லை. மறுவாரம் அவனுக்கென்று ஒரு வேலை கொண்டுவந்தீர்கள். கயிறு கட்டுவதற்கு முன் பட்டன்களைப் பத்துப் பத்தாக எண்ணிப் பிரித்து டப்பாவில் போடுவது. பத்து வரை எண்ணுவது அந்த வருடத்து அவன் இலக்கு. மற்றவர்களுக்கு அவன் டப்பா வராமல் பாடம் தொடங்காது. ஒரு நாள் ஒன்பதுதான் இருந்தது. எடுத்துக் கொடுத்த பிள்ளை கவனிக்கவில்லை, அவன் கவனித்தான். கையைப் பிடித்து நிறுத்தி, "ஒண்ணு இல்ல" என்றான். இருந்தாலும் அவனுக்கு இன்னும் நிறையச் செய்திருக்கலாம் என்ற குறை எனக்குள் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது என்று தெரியும். வாரத்தில் இரண்டு நாளில் எத்தனை பிள்ளைக்கு எவ்வளவுதான் செய்வீர்கள்?

நான் செயல்வழிக் கற்றலில் படித்த தலைமுறை அக்கா. 2007-இல் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. பாயில் வட்டமாக உட்காருவோம், ஏணிப்படி பார்த்து அட்டை எடுப்போம், சுவரில் ஆளுக்கொரு கரும்பலகை. எனக்கு அது சொர்க்கம். ஆனால் எங்கள் வட்டத்தில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் ஒரே அட்டையில் நின்றது இப்போது நினைவுக்கு வருகிறது. குறை அட்டையில் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உங்களைப் போல ஒருவர் இல்லை. நல்ல முறை என்று ஊரெல்லாம் கொண்டாடுகிற முறைக்குள்ளும் ஒரு பிள்ளை தனியாக நின்றுகொண்டிருக்க முடியும் என்பதை உங்களோடு நான்கு மாதம் இருந்ததால்தான் பார்க்கத் தெரிந்தது.

உங்கள் பையில் என்னென்ன இருக்கும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். பிரெய்ல் சட்டமும் ஊசியும், இரண்டு உருப்பெருக்கி, காதுக் கருவிக்குப் பேட்டரி, முகாம் தேதி எழுதிய நோட்டு, ஒரு பொட்டலம் கடலை மிட்டாய். நாலு மணிக்கு மேல், பள்ளிக்கூடம் வர முடியாத ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போவீர்கள். ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனீர்கள். அந்த அம்மா உங்களுக்குக் கொடுத்த தண்ணீர்ச் சொம்பும், அந்தப் பிள்ளை உங்கள் ஸ்கூட்டிச் சத்தத்துக்கே தலையைத் திருப்பியதும் எனக்குப் போதும். இந்த வேலையை ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் செய்கிறீர்கள். அதைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேசுகிறேன். பிள்ளைகளை எல்லோரோடும் சேர்த்து உட்கார வைக்கிறவர்களுக்கு ஆசிரியர் அறையில் நிலையான ஒரு நாற்காலி வேண்டும்.

இப்போது தகுதித் தேர்வுக்குப் படிக்கிறேன். குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தலுக்கும் 30 மதிப்பெண். அதே பியாஜே, அதே வைகோட்ஸ்கி, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்போல மனப்பாடம் ஆகமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு பெயரையும் படிக்கும்போது வராந்தாவில் ஒரு பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

கயிற்றை உங்களிடமே விட்டுவிட்டு வந்தேன். வேறொரு பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். எடுத்துப் போவதற்கு முன் ஒன்று கவனியுங்கள் அக்கா. மைனஸ் ஏழாவது முடிச்சு தளர்ந்திருக்கிறது. இறுக்கிக் கட்டுங்கள், கட்டிய பிறகு ஒரு முழம் சரியாக இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். அல்லது அவளைக் கூப்பிட்டு ஒரு தடவை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
6-ஆம் வகுப்பில் கணக்கு நடத்திய உங்கள் பயிற்சி மாணவி